மகிழ்ச்சிக் கட்டும் வருத்தக் கட்டும்

தூத்துக்குடி பீச் ரோட்டில் உப்பு விற்றுப் பிழைத்தவர்கள் உண்டு, கருவாடு விற்றுப் பிழைத்தவர்கள் உண்டு. நான் பிறருக்காக இங்கிலீஷில் வருத்தப்பட்டுப் பிழைத்தேன்.

யுத்த காலம். சுங்க ஆபீசுக்கு எதிரே ஒரு காகிதக் கடையின் முன்மூலையை வாடகைக்குப் பிடித்து, ஒரு பழைய டைப்ரைட்டரோடு உட்கார்ந்திருந்தேன். ஊருக்கு என் பெயர் ரைட்டர். கப்பல் கம்பெனி, ரயில்வே, துறைமுக அதிகாரி என்று யாருக்கு எழுதுவதானாலும் இங்கிலீஷில்தான் எழுத வேண்டும். அந்தக் கடிதத்துக்கு ஒரு சம்பிரதாயம் உண்டு. விஷயத்தை நேராகச் சொல்லிவிடக் கூடாது. நம் மனசு எப்படி இருக்கிறது என்று முதலில் தெரிவித்துக்கொள்ள வேண்டும். 'ஐ ஆம் சாரி தட்' என்றால் வருத்தம், 'ஐ ஆம் கிளாட் தட்' என்றால் மகிழ்ச்சி, 'சர்ப்ரைஸ்ட் தட்' என்றால் ஆச்சரியம், 'சர்ட்டன் தட்' என்றால் துளியும் ஐயமில்லை. இந்த 'தட்' வந்த பிறகுதான் விஷயம் படியேறி உள்ளே வரலாம்.

நீங்களும் ஏதாவது ஓர் ஆபீசில் கடிதம் எழுதி அல்லல்பட்டவராக இருந்தால் நான் சொல்வது புரியும். வந்தவரிடம் "என்ன விஷயம்?" என்று கேட்பதோடு "என்ன மனநிலை?" என்றும் கேட்க வேண்டிய தொழில், வைத்தியருக்கு அடுத்தபடியாக நம்முடையதுதான்.

அண்ணாச்சியின் ஆச்சரியம்

அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் கப்பல் கரைக்கு வராது. கடலுக்குள் எட்டத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கெல்லாம் தோணியில்தான் போக வேண்டும். கருப்பட்டி மண்டி அண்ணாச்சி ஒருவர் கொழும்புக்கு அனுப்பிய சிப்பங்களைக் கம்பெனி ஆட்கள் தோணியில் ஏற்றும் பாலத்தில் திறந்த வெளியில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள். அன்றைக்கென்று பார்த்து ஒரு மழை. கருப்பட்டிக்கும் மழைக்கும் உள்ள உறவை நான் விளக்க வேண்டியதில்லை. அண்ணாச்சி கடைக்குள் நுழையும்போதே சொல்லிக்கொண்டு வந்த வார்த்தைகளுக்கு என் மெஷினில் எழுத்துக் கிடையாது.

அவர் மூச்சு வாங்குவதற்குள் கடிதத்தை அடித்து முடித்தேன். வாசித்துத் தமிழில் அர்த்தமும் சொன்னேன்: "உங்கள் ஆட்கள் எங்கள் கருப்பட்டியை மழையில் போட்டுவிட்டது குறித்து ஆச்சரியப்படுகிறோம்." அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார். இதைவிடக் காரமாக இங்கிலீஷில் எழுத முடியாது, துரைக்குத் துரை எழுதினாலும் கோபம் வந்தால் ஆச்சரியம்தான் படுவார்கள் என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கடைசியில் கையெழுத்துப் போட்டார். பேனாவை வைத்துவிட்டுச் சொன்னார்:

"ஒவ்வொரு மழைக்கும் இதத்தான வே செய்தானுவ! ஆச்சரியப்படுததுக்கு நான் என்ன நேத்துப் பொறந்தவனா?"

இரண்டு கட்டுகள்

தெற்கே கப்பலின் புகை தெரிந்துவிட்டால் போதும், பீச் ரோடே என் மூலையில் வந்து நிற்கும். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து அடித்துக்கொண்டிருந்தால் கப்பல் போய்விடும். அதனால் ஒரு வழி செய்தேன். காலையில் கூட்டம் வருவதற்கு முன்பே, மேலே விலாசத்துக்கு இடம் விட்டு, முதல் வரியின் தொடக்கத்தை மட்டும் அடித்து வைத்துக்கொள்வேன். 'ஐ ஆம் சாரி தட்' ஒரு கட்டு. 'ஐ ஆம் கிளாட் தட்' ஒரு கட்டு. ஆள் வந்ததும் தேவையான கட்டிலிருந்து ஒரு தாளை உருவி, மிச்சத்தை அடித்துக் கொடுத்துவிடலாம்.

யோசனை நல்ல யோசனைதான். காலம்தான் நல்ல காலமாக இல்லை. வருத்தக் கட்டு வாரம் முடிவதற்குள் தீர்ந்துவிடும். சரக்கு வரவில்லை, மகன் கடிதம் போடவில்லை, அரிசி கிடைக்கவில்லை என்று ஆளுக்கு ஒன்று. மகிழ்ச்சிக் கட்டு மட்டும் வைத்தது வைத்தபடி கிடந்து ஓரம் பழுப்பேறியது. யுத்தத்தில் காகிதம் கிடைப்பதோ குதிரைக் கொம்பு. காகிதக் கடைக்காரர் காயல்பட்டினத்து மரைக்காயர். அநாவசியமாக ஒரு வார்த்தை பேச மாட்டார். ஒரு நாள் என் மேசைக்கு வந்து அந்தப் பழுப்புக் கட்டைத் தூக்கிப் பார்த்தார். தூசியை ஊதினார். பிறகு என்னிடம் சொன்னார்:

"சந்தோசத்தக் கொஞ்சம் கம்மியா அடியும் ஓய். காயிதம் கெடைக்க மாட்டேங்கு."

தண்டலுக்கு வருத்தமில்லை

அந்த மகிழ்ச்சிக் கட்டிலிருந்து ஒரு தாள் போனது ஒரு தண்டலால். தண்டல் என்றால் தோணியை நடத்துகிறவர். இந்தத் தண்டல் கப்பலுக்குச் சரக்கேற்றிப் போனவர், பாதிக் கடலில் காற்று முறுக்கியதும் தோணியைத் திருப்பிக் கரைக்குக் கொண்டுவந்துவிட்டார். ஏன் திரும்பினாய் என்று துறைமுக ஆபீசிலிருந்து விளக்கம் கேட்டிருந்தார்கள்.

நான் வழக்கம்போல் வருத்தக் கட்டில் கை வைத்தேன். "என்ன எழுதுதீரு?" என்றார். "தோணியைத் திருப்பியதற்கு வருந்துகிறேன்" என்றேன். தண்டல் என் கையைப் பிடித்துக்கொண்டார். உப்பும் கயிறும் உரசிக் காய்த்துப்போன கை; அதிலிருந்து என் கையை எடுக்க முடியவில்லை. வருத்தம் என்பது மரியாதைக்குப் போடுவது, அதற்காக நீங்கள் உண்மையில் வருந்த வேண்டியதில்லை என்றேன். அவர் கேட்கவே இல்லை. வேறு வழியில்லாமல் பழுப்புத் தாளை எடுத்து, 'என் ஆட்கள் எல்லோரும் கரை சேர்ந்தது குறித்து மகிழ்ச்சியடைகிறேன்' என்று அடித்தேன். இதற்கு என்ன தண்டனை வருமோ என்று எனக்குத்தான் பயம். ஒன்றும் வரவில்லை. அன்றைக்குத் தண்டல் கையெழுத்துக்குப் பதில் பெருவிரலை வைத்துவிட்டு, மையைத் தலையில் துடைத்துக்கொண்டே கேட்டது இன்னும் காதில் இருக்கிறது:

"திரும்பி வந்ததுக்கு எவனாச்சும் வருத்தப்படுவானா ரைட்டரே?"

கறுப்புக் கோட்டு

சலேத்தம்மாள் திரேஸ்புரத்துக்காரி. அவள் புருஷன் குரூஸ் கல்கத்தாக் கம்பெனிக் கப்பலில் கரி தள்ளும் வேலையில் இருந்தான். ஒரு நாள் அவள் ஒரு கவரைக் கொண்டுவந்து நீட்டினாள். இங்கே உள்ள கம்பெனி ஏஜெண்டு ஆபீசில் கொடுத்தார்களாம், ஒருவரும் வாசித்துச் சொல்லவில்லையாம். பிரித்தேன். முதல் வரியே 'வீ ஆர் சாரி தட்.' எத்தனை தாளில் நானே அடித்த வரி! அடுத்த வரிகளை வாசித்ததும் தாளை மடித்துக்கொண்டேன். "வருந்துகிறார்கள்" என்று மட்டும் சொன்னேன். அவள் கேட்டாள்: "இதென்னய்யா, சேதியச் சொல்லுததுக்கு முன்னயே வருத்தப்படுதாவ?"

சொன்னேன். கப்பலைப் பற்றி மாதக்கணக்கில் தகவல் இல்லை. மூழ்கிவிட்டதாகக் கம்பெனி கருதுகிறது. குரூஸ் கப்பலேறும் முன் கல்கத்தாக் கிடங்கில் ஒரு பெட்டியை விட்டுப் போயிருக்கிறான். அதை மனைவிக்குத் தரலாம். ஆனால் 'என் கணவர் இறந்துவிட்டார் என்பதில் எனக்கு ஐயமில்லை' என்று அவள் எழுதிக் கையெழுத்திட வேண்டும். 'ஐ ஆம் சர்ட்டன் தட்' என்று அந்த வரியைக்கூட அவர்களே எழுதி அனுப்பியிருந்தார்கள். மழைக்காலம் முடிவதற்குள் எழுதாவிட்டால் பெட்டி ஏலத்துக்குப் போய்விடும்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சுங்க ஆபீஸ் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டு பேசினாள். அந்தப் பெட்டிக்குள் குரூஸின் கல்யாணக் கறுப்புக் கோட்டு இருக்கிறது, கல்கத்தாவில் கிறிஸ்மஸ் பூசைக்குப் போட வேண்டும் என்று எடுத்துப் போனான், ஊருக்கு வந்தால் கோயிலுக்குப் போட்டுக்கொண்டு போக அவனுக்கு வேறு கோட்டுக் கிடையாது என்றாள். நான் தயங்கித் தயங்கி, அந்த வரியை எழுதினால்தான் பெட்டி வரும் அம்மா என்றேன். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"ஐயமில்லன்னு எழுதச் சொல்லுதியளா? எனக்கு ஐயம் இருக்குய்யா. பெட்டியும் வேணும்."

பிள்ளையின் கைவரிசை

இப்படி ஒரு கடிதத்தை நான் அதற்கு முன்பு அடித்ததில்லை. ஒரே தாளில் எல்லா மனநிலையும். கணவர் இறந்ததாக உறுதி சொல்ல முடியாததற்கு வருந்துகிறேன். பெட்டியைப் பத்திரமாக வைத்திருப்பது குறித்து மகிழ்கிறேன். அவர் திரும்பி வந்து கேட்பார் என்று நம்புகிறேன். அவருக்கு வேறு கோட்டு இல்லையே என்று அஞ்சுகிறேன். வாசித்துக் காட்டியதும் சலேத்தம்மாள் ஒரே ஒரு திருத்தம் சொன்னாள்: கோட்டின் நிறம் கறுப்பு என்பதையும் போட வேண்டும், கல்கத்தாக்காரன் மாற்றிக் கொடுத்துவிடக் கூடாது.

கடிதம் ஏஜெண்டு ஆபீஸ் ஹெட்கிளார்க் பிள்ளை மூலமாகத்தான் கல்கத்தாவுக்குப் போக வேண்டும். பிள்ளை பொல்லாதவர் என்று பெயர். நான் அடித்த கடிதம் எதையும் சிவப்பு மை படாமல் அவர் விட்டதில்லை. நானே நேரில் கொண்டுபோனேன். வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "எல்லா மனநிலையும் இருக்கு. கேட்ட மனநிலை மட்டும் இல்லியே வே" என்றார். மேசையில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார். போச்சு, பெட்டி ஏலத்துக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன். அந்த மழைக்காலம் முழுக்க, சலேத்தம்மாள் ரோட்டில் வரும்போதெல்லாம் நான் குனிந்து ரிப்பனைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

மழை ஓய்ந்த சமயத்தில் பிள்ளை ஆள் அனுப்பினார்: பெட்டி ரயிலில் வந்துகொண்டிருக்கிறது. ஓடினேன். என்ன செய்தீர்கள் என்று கேட்டதற்குத் தன் கடிதத்தின் நகலைத் தள்ளினார். எங்கள் கடிதத்துக்கு மேல் அவர் வைத்து அனுப்பியது ஒரே வரிதான்: 'இந்தப் பெண்மணி உறுதியாக இருக்கிறாள் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை.' பிள்ளை பொடி டப்பியைத் தட்டினார்.

"அவியளுக்கு ஒரு 'சர்ட்டன்' வேணும், குடுத்துட்டேன். எதுல சர்ட்டன்னு கல்கத்தாவுல எவன் வே பாக்கப் போறான்?"

சாவி

பெட்டி வந்து இறங்கிய அன்று ரயில்வே பார்சல் ஆபீசுக்கு நானும் போனேன். எனக்கு அங்கே வேலை ஒன்றும் கிடையாது, மனசு கேட்கவில்லை. கயிறு கட்டிய தகரப்பெட்டி, முன்னால் ஒரு பித்தளைப் பூட்டு. சட்டப்படி உள்ளே இருப்பதைப் பார்த்துப் பட்டியல் போட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்றார் கம்பெனி சார்பில் வந்திருந்த பிள்ளை. பூட்டை உடைக்கப் போர்ட்டர் ஒரு கடப்பாரையோடு வந்தான்.

சலேத்தம்மாள் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டாள். போர்ட்டர் கடப்பாரையைத் தாழ்த்தினான். பிள்ளை அதட்டிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். கோட்டைப் பூச்சி அரித்திருக்கப் போகிறது, பார்த்துக்கொள் அம்மா என்று நானும் என் பங்குக்குச் சொன்னேன். அவள் கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு இன்னும் சாவகாசமாக உட்கார்ந்தாள். கடைசியில் பிள்ளை, உள்ளே எல்லாம் சரியாக இருப்பதில் ஐயமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த வருஷம் அவருக்கு ஐயமே இல்லாமல் போய்விட்டது. பெட்டியைத் தலையில் தூக்கி வைக்கக் கை கொடுத்தபோது, எப்படியம்மா திறப்பாய் என்று கேட்டேன். பச்சைப்பிள்ளைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொன்னாள்:

"சாவி அவியகிட்டல்லா இருக்கு. வந்து தொறக்கட்டும்."

விஷயம் முதலில்

யுத்தம் முடிந்தது. கூட்டம் குறைந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் காகிதம் வரத் தொடங்கினாலும் மரைக்காயர் இன்னும் எண்ணித்தான் கொடுத்தார். ஒரு காலை நேரம். மெஷினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். மேசை மேல் நிழல் விழுந்தது. நிமிர்ந்தால் சலேத்தம்மாள். பக்கத்தில் ஓர் ஆள், எலும்பும் தோலுமாக. தோளிலிருந்து தொங்குவதுபோல ஒரு கறுப்புக் கோட்டு. கைப்பக்கம் இரண்டு இடத்தில் பூச்சி அரித்திருந்தது.

நான் எழுந்து நின்றது எனக்கே தெரியாது. எண்ணெய்க் குப்பி சாய்ந்து மேசையெல்லாம் வழிந்தது. குரூஸ் மெல்லப் பேசினான். கப்பலை ஜப்பான்காரன் மறித்துப் பிடித்தானாம். இத்தனை காலமும் கைதி முகாமில் சுமை தூக்கினானாம். பெட்டிச் சாவி எந்தக் கடலில் விழுந்ததோ தெரியாதாம். "வீட்டுக்கு வந்தா பூட்டு அப்பிடியே தொங்குது. உடைச்சிருக்கலாமேட்டின்னு கேட்டா, நீரே உடையும்னு இரும்பறுக்குற அரத்தக் கையில குடுத்துட்டா" என்றான். சலேத்தம்மாள் ரோட்டுப் பக்கம் திரும்பி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று நான் பார்க்கவில்லை. என் கண்ணே சரியாகத் தெரியவில்லை.

விஷயம் இதுதான். கம்பெனிப் பதிவில் குரூஸ் இறந்தவன். உயிரோடு இருப்பவன் என்று மாற்றினால்தான் மறுபடி ஒரு கப்பலில் ஏற முடியும். அதற்கு ஒரு கடிதம் வேண்டும். என் கை தானாக மகிழ்ச்சிக் கட்டுக்குப் போயிற்று. மற்றதையெல்லாம் காகிதப் பஞ்சத்தில் மரைக்காயர் துண்டுச் சீட்டாகக் கிழித்துத் தீர்த்திருந்தார்; அடியில் ஒரே ஒரு தாள் கிடந்தது. ஓரம் உதிர்கிற அளவுக்குப் பழுப்பு. இதற்காகத்தான் இது இத்தனை வருஷம் காத்திருந்தது என்று தோன்றியது. ஆசையாக மெஷினில் மாட்டிக்கொண்டு, "என் கணவர் திரும்பி வந்தது குறித்து மகிழ்ச்சியடைகிறேன், சரிதானே அம்மா?" என்றேன்.

சலேத்தம்மாள் தாளை எட்டிப் பார்த்தாள். தலையை ஆட்டினாள். வேண்டாம் என்றாள். தாளைக் கழற்றினேன். வேறு தாளுக்கு மரைக்காயரைப் பார்த்தேன். அவர் இன்னும் காகிதம் எண்ணிக்கொண்டிருந்தார். அதே தாளைத் திருப்பி மாட்டினேன். வெறும் முதுகுப்பக்கம். அவள் சொன்னதை அப்படியே இங்கிலீஷில் அடித்தேன். சம்பிரதாயத்தை மீறி என் வாழ்நாளில் அடித்த ஒரே கடிதம் அதுதான். ஹெட்கிளார்க் பிள்ளைகூட அதில் சிவப்பு மை வைக்காமல் அனுப்பிவிட்டார். அவள் சொன்னது இவ்வளவுதான்:

"சந்தோசமெல்லாம் பொறவு இருக்கட்டும். மொதல்ல ஆளு வந்துட்டாவன்னு போடுங்க."

ஊராருக்காக அத்தனை வருஷம் கூலிக்கு வருந்தியும் மகிழ்ந்தும் ஆச்சரியப்பட்டும் அடித்துத் தள்ளியவன் நான். என் சொந்தக் கணக்கில் மகிழ்ந்த ஒரே கடிதத்தில், 'ஐ ஆம் கிளாட் தட்' என்ற அந்த மகிழ்ச்சி, மிச்ச வரி ஒன்றும் இல்லாமல், தாளின் பின்பக்கத்தில் கல்கத்தா போய்ச் சேர்ந்தது.